பிணத்தை எடுக்க மறுத்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்துத் திண்ணையில் படிப்பு வட்டம் நடக்கிறது. பெரிய பெயரெல்லாம் அதற்கு வைக்கவில்லை. காலேஜ் பிள்ளைகள் ஐந்தாறு பேர். மற்றபடி பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டும் சித்தாள் வேலைக்குப் போய்விட்டும் வந்து காலை நீட்டி உட்காரும் சனங்கள். ஒருத்தர் வாசிப்பார், மத்தவங்க கேப்பாங்க. நடுவில் பேசலாம், எழுந்து போகலாம், தூங்கவும் செய்யலாம்.

போன மார்கழியில் பிரேம்சந்தின் 'சத்கதி' வாசித்தோம். 1931இல் வந்த கதை. சத்யஜித் ராய் 1981இல் ஓம் புரியை வைத்துப் படமாகவும் எடுத்தார். துக்கி சமார் சாதிக்காரன். மகளுக்குக் கல்யாணப் பேச்சுக்கு நாள் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு புல்லுக்கட்டைக் காணிக்கையாகத் தூக்கிக்கொண்டு பண்டிதர் வீட்டுக்குப் போகிறான். பண்டிதர் வாசலைக் கூட்டச் சொல்கிறார், மெழுகச் சொல்கிறார், கடைசியில் முடிச்சு விழுந்த ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்கிறார். கட்டை பிளக்கவில்லை. துக்கி விழுந்து செத்துப்போகிறான். பிணத்தை எடுக்கச் சேரியிலிருந்து யாரும் வரவில்லை. விடியற்காலையில் பண்டிதரே காலில் சுருக்குப் போட்டு இழுத்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே போட்டுவிட்டு வந்து, குளித்து, மந்திரம் சொல்லி, வீட்டுக்குக் கங்கைத் தண்ணி தெளிக்கிறார். காட்டில் நாயும் நரியும் கழுகும் பிணத்தைத் தின்கின்றன. கதை முடிந்தது.

வாசித்த பிள்ளைக்குக் குரல் கம்மிவிட்டது. ரெண்டு மூணு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்போது மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தர் கேட்டார்: "பொணத்த எடுக்க மாட்டம்னு சொல்லிட்டாங்க இல்ல, அவங்கள அப்பறம் அந்த ஐயரு என்னா பண்ணான்? வேல வெட்டிக்குக் கூப்புடாம வுட்டானா? போலீசு வந்துதா? அத ஏன் எழுதல?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைப் படித்துக்கொண்டும், கூட்டங்களில் பேசிக்கொண்டும் இருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. நான் துக்கியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெரியம்மா துக்கியின் சேரியைப் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்குப் போய்த் திரும்பவும் படித்துப் பார்த்தேன். பிண விவகாரத்தைப் போய்ச் சொல்பவன் அந்த ஊரில் தனி வீடாக இருக்கிற ஒரு கோண்டு. ஏழையின் உயிரை எடுத்துவிட்டு விளையாட்டா, போலீஸ் விசாரணை வரட்டும், பிணத்தைத் தொடாதீர்கள் என்கிற மாதிரி எச்சரித்துவிட்டுப் போகிறான். பண்டிதர் வந்து மிரட்டுகிறார், கெஞ்சுகிறார். ஒருத்தரும் அசையவில்லை. பிணமோ கிணற்றுக்குப் போகும் வழியில் கிடக்கிறது. பார்ப்பனர்கள் எல்லாரும் தண்ணிக்குத் தவிக்கிறார்கள். கவனியுங்கள், இது எத்தனை பெரிய விஷயம்! காலமெல்லாம் நம்மைக் கிணற்றை நெருங்க விடாதவர்களின் கிணற்றுக்கு ஒரு ராத்திரி ஒரு பிணம் மறியல் செய்திருக்கிறது. அந்த மறியலை நடத்தியது ஒரு சேரி. பிரேம்சந்த் இதைச் சில வரிகளில் தாண்டிவிடுகிறார். அவர்கள் ஏன் அசையவில்லை என்பதற்கு அவர் சொல்லும் காரணமும் போலீஸ் பயம்தான். பயந்தவர்களாகத்தான் அவர் கண்ணுக்கு அவர்கள் தெரிந்திருக்கிறார்கள். மறுத்தவர்களாகத் தெரியவில்லை.

அதற்கடுத்த வருஷம், 1932இல் எழுதியது 'டாக்கூரின் கிணறு'. நோயில் கிடக்கும் ஜோக்குவுக்கு நாற்றமடிக்கும் தண்ணியைக் கொடுக்க மனசில்லாமல் அவன் பெண்சாதி கங்கி ராத்திரியில் டாக்கூரின் கிணற்றுக்குப் போகிறாள். இவர்கள் எதில் உசத்தி, திருட்டும் பித்தலாட்டமும் செய்கிறவர்கள்தானே என்று மனசுக்குள் கேட்கிறாள். அந்தக் கேள்வி நெருப்பு, மறுக்கவில்லை. ஆனால் மனசுக்குள்தான். டாக்கூரின் கதவு திறந்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடுகிறாள். வீட்டுக்கு வந்தால் ஜோக்கு அந்த நாற்றத் தண்ணியையே குடித்துக்கொண்டிருக்கிறான்.

1932. இந்த வருஷத்தை மனசில் வையுங்கள். அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1927 மார்ச் 20ஆம் தேதி, பட்டப்பகலில், பாபாசாகேப் அம்பேத்கரின் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி குடித்துவிட்டார்கள். சாதி இந்துக்கள் அடித்தார்கள், குளத்தில் சாணியும் கோமூத்திரமும் கொட்டித் தீட்டுக் கழித்தார்கள். நம்மவர்கள் விடவில்லை. வழக்கு நடத்தி 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். மகாடு மராட்டியத்தில் இருக்கிறது, பிரேம்சந்தின் ஊர் காசிப் பக்கம், அங்கே நிலைமை வேறே என்று சொல்லலாம். அந்த உத்தரப் பிரதேசத்திலேயே கான்பூரை மையமாக வைத்து சுவாமி அச்சுதானந்தர் ஆதி இந்து இயக்கம் நடத்திக்கொண்டிருந்த காலம்தான் அது. கங்கி மாதிரி ஒண்டியாய் ராத்திரியில் குடத்தோடு ஓடி வந்த பெண்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், அது பொய்யில்லை. ஆனால் கூட்டமாய்ப் பகலில் போனவர்களும் இருந்தார்கள். கதைக்குள் வந்தது கங்கி மட்டும்தான்.

நான் சொல்ல வருவது இதுதான் தோழர்களே. இந்தியப் புனைகதையில் நம்மேல் காட்டப்பட்ட கருணைக்கு ஒரு கண் நோய் உண்டு. அது ஒத்தை ஆளைத்தான் பார்க்கும். பசித்த ஒருவன், அடிபட்ட ஒருவன், செத்த ஒருவன். அவன் பின்னால் ஒரு தெரு இருக்கிறது, அந்தத் தெருவுக்கு ஒரு பேச்சு இருக்கிறது, பஞ்சாயத்து இருக்கிறது, பகை இருக்கிறது, சில சமயம் கட்டுப்பாடாக ஒன்று சேர்ந்து 'மாட்டோம்' என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது என்பது அதன் பார்வைக்குள் வராது. தனி ஆளைப் பார்த்தால் கண்ணீர் வரும். கூட்டத்தைப் பார்த்தால் கண்ணீர் எப்படி வரும்? பயம்தான் வரும். மனிதாபிமானி நம்மை ஒவ்வொருவராகத்தான் நேசிப்பார்.

முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' 1935இல் இங்கிலாந்தில் வெளியானது. ஈ. எம். ஃபார்ஸ்டர் முன்னுரை எழுதினார். பக்கா என்கிற பதினெட்டு வயசுத் தோட்டிப் பையனின் ஒரு நாள். தெருவில் ஒருத்தன்மேல் பட்டுவிட்டதற்காக அறை வாங்குகிறான். கோயில் பூசாரி அவன் தங்கச்சியிடம் கைவைக்கப் பார்த்துவிட்டு 'தீட்டு, தீட்டு' என்று கத்துகிறான். இதெல்லாம் நன்றாக, உண்மையாக எழுதப்பட்ட பக்கங்கள். படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பக்காவுக்கு மூன்று வழி காட்டப்படுகிறது. ஒரு பாதிரியார் ஏசுவைச் சொல்கிறார், காந்தி கூட்டத்தில் பேசுகிறார், ஒரு கவிஞர் தண்ணி ஊற்றினால் தானே சுத்தமாகிற கக்கூஸ் வரப்போகிறது என்கிறார். அம்பேத்கரின் வழி என்று நாலாவதாக ஒன்று வைக்கப்படவில்லை. அந்த நாவல் வந்த அதே 1935இல், அக்டோபர் 13ஆம் தேதி, இயோலா மாநாட்டில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று பாபாசாகேப் அறிவித்தார். பக்காவுக்கு வழி சொல்ல மூன்று பேர் வந்தார்கள், அவனுடைய ஆள் ஒருத்தர்கூட வரவில்லை. மிஷின் கக்கூஸ் வந்த கதையும் நமக்குத் தெரியும். இன்றைக்கும் செப்டிக் டேங்கில் இறங்கிச் சாகிறவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' (1965) பெரிய நாவல் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். செத்த பார்ப்பனன் ஒருவனை எரிக்கலாமா கூடாதா என்று அக்ரகாரமே சாஸ்திரத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. அதே கதையில் பக்கத்துச் சேரியில் பிளேக்கில் செத்தவர்களைக் குடிசையோடு கொளுத்திவிட்டுப் போகிறார்கள். அதற்கு யாரும் ஏடு புரட்டவில்லை. நாவலும் நின்று பார்க்கவில்லை.

நம் பக்கம் வருவோம். வெண்மணி. 1968 டிசம்பர் 25. நாற்பத்து நாலு பேர். நெல் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக, சங்கக் கொடியை இறக்க மாட்டோம் என்றதற்காக எரிக்கப்பட்டவர்கள். அந்தக் கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார், 1977இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலில் மிராசுதாரின் ஆண்மைக் குறை வந்து உட்கார்ந்துகொண்டது. கூலிக்கும் கொடிக்கும் நடந்த சண்டை ஒரு மனுஷனின் மனக்கோளாறாகச் சுருங்கியது. அப்போதே பலரும் இதைக் கண்டித்து எழுதிவிட்டார்கள், நான் புதிதாய்ச் சொல்லவில்லை. ஆனால் 'சத்கதி'க்கும் இதற்கும் உள்ள உறவைப் பாருங்கள். அங்கே சேரியின் மறுப்பு பயமாகச் சிறுத்தது. இங்கே சேரியின் போராட்டம் பண்ணையாரின் வியாதிக்குப் பின்னால் போய் மறைந்தது. ரெண்டு பேரும் நம்மேல் இரக்கம் உள்ளவர்கள்தான். இரக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு தோழர், "அப்ப பிரேம்சந்தைக் கொளுத்திரலாமா?" என்று கேட்பார். கொளுத்தியும் இருக்கிறார்கள். 2004இல் டில்லியில் தலித் சாகித்திய அமைப்பு ஒன்று 'ரங்கபூமி'யை எரித்தது. கதாநாயகன் சூர்தாசைச் சாதிப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார், அது பள்ளிப் பாடத்தில் எங்கள் பிள்ளைகளைக் குத்துகிறது என்றார்கள். வகுப்பில் அந்த வார்த்தை வாசிக்கப்படும்போது மொத்த வகுப்பும் திரும்பி ஒரு பிள்ளையைப் பார்க்குமே, அந்த வலி எனக்குத் தெரியும். ஆனாலும் எரித்ததில் எனக்குச் சம்மதமில்லை. 1927 டிசம்பர் 25இல் மகாடில் எரிக்கப்பட்டது மனுஸ்மிருதி. அது சட்டம். நம்மைக் கட்டிப்போட்ட சட்டத்தைக் கொளுத்தினோம். 'ரங்கபூமி' ஒரு நாவல். அதில் வருகிற குருட்டுப் பிச்சைக்காரன் சூர்தாஸ் தன் நிலத்தை ஆலைக்காரனுக்கு விட மாட்டேன் என்று கடைசி மூச்சுவரை நிற்கிறவன். அவனை நாமே எரிப்பதா? கதையோடு சண்டை போட வேண்டுமானால் பெரியம்மா போட்ட மாதிரிப் போட வேண்டும். விட்டுப்போன பக்கத்தை எங்கே என்று கேட்க வேண்டும்.

விட்டுப்போன பக்கங்களை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அண்ணாபாவ் சாதே பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர், மாங் சாதியில் பிறந்தவர். 1959இல் வந்த தன் 'ஃபகீரா' நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். பஞ்சத்தில் சனம் சாகிறபோது ஃபகீரா தானியத்தைக் கொள்ளையடித்து வந்து பங்கு போடுகிறான். அங்கேயும் கருணைதான் இருக்கிறது. யாருடைய கருணை, யாருக்கு என்பதுதான் மாறிவிட்டது. கன்னடத்தில் தேவனூரு மகாதேவாவின் 'ஒடலாளா' என்ற குறுநாவல் இருக்கிறது. கிடைத்தால் படியுங்கள். கிழவி சாகவ்வாவின் வீட்டுக்கு ஒரு மூட்டை திருட்டு நிலக்கடலை வந்து சேர்கிறது. குடும்பமே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ராத்திரியோடு ராத்திரியாக மூட்டையைத் தின்று தீர்க்கிறது. குழந்தைகள் சிரிப்பும் வாயாடலும் கடலைத் தோல் எரிகிற வாசமுமாக அந்த ராத்திரி ஒரு திருவிழா. காலையில் போலீஸ் வருகிறது. திருடியவர்கள் என்று தெரிந்தும் படிக்கிற நாம் அவர்கள் பக்கம்தான் நிற்கிறோம். ஐயோ பாவம் என்று ஒரு இடத்திலும் தோன்றாது. பசித்தவர்கள் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்க்கிற சந்தோஷம்தான் தோன்றும். அழ வைத்து நம்மை மனுஷன் என்று நிரூபிக்க அவசியமே இல்லை என்று மகாதேவாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' (1997) கதையில்லை, தன் வரலாறு. ஆனாலும் இங்கே சொல்ல வேண்டும். மேல்சாதிக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் பத்துநாள் வேலை செய்துவிட்டு, வாசலில் எச்சில் இலைச் சோற்றுக் கூடையோடு அம்மா உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பிள்ளைகள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நல்ல சோறு கொடுங்கள் என்று கேட்கிறார். அந்த எச்சில் கூடையைக் காட்டி, அதை எடுத்துக்கொண்டு போ என்று வீட்டுக்காரன் விரட்டுகிறான். அம்மா கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போகிறார். அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவேயில்லை. இந்தக் காட்சியை நம் வட்டத்தில் வாசித்தபோது அதே பெரியம்மா இடிகல்லைக் கீழே வைத்துவிட்டு, "அப்பிடிச் சொல்லு" என்றார். மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யில் ராணுவ அதிகாரி சேனாநாயக் ஆதிவாசிகளைப் பற்றி நிறையப் படித்தவர், உள்ளுக்குள் அவர்கள்மேல் அனுதாபம், ஒருநாள் அவர்கள் பக்கத்தை எழுதவும் எண்ணம் உண்டு. அந்த எண்ணத்தோடேயே தோப்தியை வேட்டையாடிப் பிடித்து, சீரழிக்க உத்தரவும் கொடுக்கிறார். விடிந்ததும் அவள் துணியைக் கிழித்தெறிந்துவிட்டு ரத்தத்தோடு அவர் எதிரில் வந்து நிற்கிறாள். அவருக்கு முதல் தடவையாகப் பயம் வருகிறது. நம்மை நன்றாகப் படித்து அனுதாபப்படுகிறவர்களுக்கெல்லாம் மகாசுவேதா எழுதிய கதை அது. 2021இல் டில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து இதைத் தூக்கியது. கூடவே நம் பாமாவையும் சுகிர்தராணியையும் தூக்கியது. 'சத்கதி'யும் 'டாக்கூரின் கிணறு'ம் யாருக்கும் இந்த மாதிரித் தொந்தரவு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் நமக்குச் சௌகரியம். மேல்சாதி எழுத்தாளனின் கண் நோயைச் சொல்லியாகிவிட்டது, கைதட்டிவிட்டுக் கலையலாம். ஆனால் தை மாதத்தில் நாங்கள் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' எடுத்தோம். 1994இல் வந்தபோது நம் பத்திரிகைகளிலேயே இதை வைத்துப் பெரிய சண்டை நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. பிள்ளைப்பேறு பார்ப்பதும், சாவுக்குச் செய்முறை செய்வதும், களத்தில் தூற்றிய பிறகு மிச்சத்துக்குக் கையேந்துவதும், ராத்திரியில் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுப்பதும் அவள். அவள் மகள் மேரியைக் கெடுக்கிறவனும் காலனிக்காரன்தான். ஒடுக்கப்பட்டவனை ஒடுக்குகிறவனாகக் காட்டி எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டார் என்று அன்றைக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன். எழுதினது நம்ம ஆள் என்பதுதான் கோபத்தைக் கூட்டியது.

இப்போது திண்ணையில் வாசிக்கக் கேட்டபோது எனக்கு வேறொன்று உறைத்தது. அந்த நாவலில் ஆரோக்கியத்துக்குக் காலனி முழுக்க இரக்கம் காட்டுகிறது. தாயே, மவளே என்று கூப்பிடுகிறது, மிச்சச் சோற்றைப் போடுகிறது. துக்கியைப் பண்டிதர் பார்த்த மாதிரியில்லை, கொஞ்சம் பரவாயில்லை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கூடையை ஏந்தி நிற்பவள் அவள், சோறு போடுகிற கை நம்முடையது. வால்மீகியின் அம்மா கூடையைக் கவிழ்த்தபோது கைதட்டினோமே, ஆரோக்கியம் நம் வாசலில் கவிழ்த்திருந்தால் என்ன செய்திருப்போம்? எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எங்கள் காலனியின் கடைசியில், ஏரிக்கரை ஓரமாக, ஒரு வண்ணார் வீடு இருக்கிறது. இப்போது சோறு எடுக்க வருவதில்லை. மகன் டவுனில் இஸ்திரி கடை வைத்திருக்கிறான். ஆனால் சாவு விழுந்தால் இன்றைக்கும் அந்த அம்மாவுக்குத்தான் ஆள் போகிறது. பெரியம்மா சொன்னார்: "அவ கதய அவ இல்லாம படிக்கிறீங்களே. கூப்ட்டு உக்கார வெச்சிப் படிங்க." சரி என்று ரெண்டு பிள்ளைகளை அனுப்பினோம். அந்த அம்மா வரவில்லை. அடுத்த வாரமும் அனுப்பினோம், வரவில்லை. மூணாவது வாரம் போய்விட்டு வந்த பிள்ளையை உட்கார வைத்து, எப்படிக் கூப்பிட்டாய் என்று விசாரித்தேன். தெருவில் நின்றுகொண்டே, "இந்தா, உன்ன ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எம்.ஏ. படிக்கிற பிள்ளை. அந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். தப்பு என்ன என்று அவனுக்கு முதலில் விளங்கவே இல்லை. சாவுக்குச் சொல்லிவிடும்போது எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்லியிருக்கிறான்.

வருகிற ஞாயிறு பெரியம்மாவே போகிறேன் என்கிறார். சும்மா போக மாட்டேன், அவங்க வூட்டுல உக்காந்து ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுதான் கூப்புடுவேன் என்கிறார். நாவலில் பாதி பாக்கி இருக்கிறது. வாசிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.